பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வாங்கப் போகிறீர்களா? கழுவாததைக் கேளுங்கள்

கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முன்வரிசையில் நிற்கும் எஞ்சின்தான் முதலில் கண்ணில் படும். டீசல் அடித்துக் கழுவி, பிளாக்குக்குச் சில்வர் ஸ்பிரே பூசி, மேல் மூடியான ரொக்கர் கவருக்குக் கறுப்புப் பெயின்ட் தொட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்பாட்டி வைத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டுப் பின்னுக்குப் போங்கள். தகரக் கூரைக்குக் கீழே ஒன்றில் ஒன்று சாய்ந்து, ஒயில் கசிந்த இடத்தில் தூசி ஒட்டிக் காய்ந்துபோய், வயர்கள் வெட்டுப்பட்டுத் தொங்கியபடி கிடக்குமே, நமக்கு வேலை அங்கேதான். அழுக்கு எஞ்சின் எல்லாம் நல்ல எஞ்சின் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எங்கே கசிந்தது, யார் திறந்தார்கள், எந்தத் தண்ணீர் ஓடியது, வெள்ளத்தில் கிடந்ததா என்பதெல்லாம் அந்த அழுக்கில்தான் எழுதியிருக்கிறது. கழுவினால் அழுக்கோடு அந்தக் கதையும் போய்விடும், மிஞ்சுவது கடைக்காரர் சொல்லும் கதை மட்டும்.

என் கார் டொயோட்டா கொரோலா 121. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிக்னலில் நிற்கும்போது வெப்ப ஊசி சிவப்பைத் தொட்டதைக் கவனிக்காமல் வெள்ளவத்தை வரைக்கும் ஓட்டிவிட்டேன். காரணம் ஒரு பழைய ரேடியேட்டர் ஹோஸ், அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் எங்கள் மெக்கானிக் பாஸ் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, நேர்கோலை வைத்து டோர்ச் அடித்துக் காட்டினார், நடுவில் வெளிச்சம் தாராளமாகப் போனது, சூட்டில் வளைந்துவிட்டது. ஹெட்டை முகம் வெட்டி, ரிங், பெயரிங், கெஸ்கட் எல்லாம் போட்டுச் செய்யலாம், ஆனால் மூன்றாவது சிலிண்டரிலும் கோடு விழுந்திருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாவித்த எஞ்சின் ஒன்றின் விலைக்குக் கிட்ட வருகிறது. சரி, வாங்கிவிடலாம் என்று கிளம்பினோம்.

கிளம்பும்போதே பாஸ் ஒன்று சொன்னார்: பழைய எஞ்சின் ஏன் போனது என்று தெரியாமல் புதிதை இறக்கக் கூடாது. ரேடியேட்டர் அடைத்த காரில் தங்கமான எஞ்சினை வைத்தாலும் அதே சந்தியில் அது கொதிக்கும். ஆகவே ரேடியேட்டர், ஃபேன், தேர்மோஸ்டாட் எல்லாவற்றையும் முதலில் பார்த்து முடித்தோம்.

பஞ்சிகாவத்தையில் இத்தனை எஞ்சின் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஜப்பானில் புதுக் கார் வாங்கினால் 3 வருடம் முடியும்போது முதல் கட்டாயப் பரிசோதனை, பிறகு 2 வருடத்துக்கு ஒன்று. ஷாக்கென் என்பார்கள். அதற்கான செலவு காருக்கு வயதாக ஆகக் கையைக் கடிக்கும், வயதான காருக்கு அங்கே மதிப்பும் இல்லை. நாங்கள் இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று நினைக்கும் காரை அவர்கள் விற்றுவிடுவார்கள். அவர்களும் வீதியின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஸ்டியரிங் நமக்கு வேண்டிய பக்கத்திலேயே இருக்கிறது. முழுக் காராக வராதது பாதியாக வெட்டப்பட்டு ஹாஃப் கட்டாகவும், அதுவும் இல்லாவிட்டால் வெறும் எஞ்சினாகவும் கொண்டெய்னரில் ஏறும். இந்தப் பக்கத்துக் கதை உங்களுக்கே தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது, தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரை எப்படியாவது ஓட வைப்பதே எல்லோருக்கும் வேலையாக இருந்தது. கதவு திறந்த பிறகும் வரியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, ஆகவே பழைய காருக்கு எஞ்சின் தேடுகிற கூட்டம் குறையவில்லை.

இதில் ஒரு சிக்கல். கடையில் கிடப்பதெல்லாம் ஜப்பானில் இருந்து நேரே வந்ததில்லை. இங்கே மோதி உடைந்த கார், காப்புறுதிக் கம்பனி கைவிட்ட கார், வெள்ளத்தில் மூழ்கிய கார், இவற்றின் எஞ்சின்களும் அதே தகரத்துக்குக் கீழேதான் கிடக்கும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எத்தனை வாகனம் கூரை வரை தண்ணீரில் நின்றது என்று பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மறுபடியும் பார்த்தோம். அந்த எஞ்சின்கள் எல்லாம் இரும்புக் கடைக்கே போயிருக்கும் என்று நம்புவது உங்கள் இஷ்டம்.

உள்ளூர் எஞ்சினா ஜப்பான் எஞ்சினா என்று கண்டுபிடிக்க ஓரளவு நம்பகமான வழி தண்ணீர் போகும் வாய். தேர்மோஸ்டாட் மூடி கழன்றிருந்தால் அதற்குள்ளே, இல்லாவிட்டால் ஹோஸ் பூட்டும் குழாய்க்குள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். ஜப்பானில் கூலன்ட் ஊற்றாமல் யாரும் ஓட்டுவதில்லை, குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் உறைந்து பிளாக்கையே வெடிக்க வைத்துவிடும். அதனால் அங்கிருந்து வந்த எஞ்சினின் உட்சுவர் சுத்தமாக இருக்கும், மூலையில் இளஞ்சிவப்போ பச்சையோ காய்ந்துபோய் ஒட்டியிருக்கும். நம் ஊரில் பாதிப் பேர் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள், அது ஓடிய எஞ்சினில் விரல் செங்கல் நிறத்தில் வெளியே வரும். கறள் அப்படிப் பிடித்திருந்தால் பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகர மூடிகளையும், வெல்ச் பிளக் என்பார்கள், ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டிப் பாருங்கள். சத்தம் மொத்தையாக வந்தால் அது உள்ளே இருந்து தின்னப்பட்டிருக்கிறது.

வெள்ளத்து எஞ்சின் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். கழுவுகிறவர் வெளியே கழுவுவார், ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைக்குள் கழுவமாட்டார். அங்கே மெல்லிய சேற்றுப் படலம் காய்ந்து கிடக்கிறதா, வயர் சொக்கெட்டைக் கழற்றினால் பச்சை படிந்திருக்கிறதா, போல்ட் தலைக் குழிகளில் மணல் நிற்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்குள் நின்று மட்டும் இருந்தால் ஒரு அளவுக்குச் சமாளிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றோடு தண்ணீரையும் இழுத்திருந்தால்தான் பெரிய சோதனை, ஏனென்றால் தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும், தண்ணீர் விட்டுக்கொடுக்காது, பிஸ்டனைத் தள்ளும் கொனெக்டிங் ரொட் வளையும். வளைந்தது அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ என்றால் அந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், கடையில் சத்தமும் காட்டாமல் இருக்கலாம். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அதற்கு முதல் மூட்டுகளை அடைக்கும் சிலிக்கன் பசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒருத்தர் இதில் அனுபவப்பட்டிருக்கிறார். என் மச்சான் சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில், பெயர் வேண்டாம், நான் மேலே சொன்ன மாப்பிள்ளை எஞ்சின் ஒன்றை வாங்கினார். அடியில் ஒயில் தேங்கும் தட்டின், செம்ப் என்பார்கள், விளிம்பைச் சுற்றிச் சிவப்புச் சிலிக்கன் பிதுங்கி நின்றது. நன்றாக அடைத்திருக்கிறார்கள், ஒயில் கசியாது என்று அவருக்குச் சந்தோஷம். இரண்டு மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் காலையில் ஒயில் லைட் அணையவில்லை, அன்று பின்னேரமே கீழே இருந்து டக் டக் என்று தட்டத் தொடங்கியது. செம்ப்பைக் கழற்றினால் ஒயில் உறிஞ்சும் வலையில் சிவப்புப் புழுக்கள் மாதிரிச் சிலிக்கன் துண்டுகள் அடைத்துக் கிடந்தன. வெளியே பிதுங்கின அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. டொயோட்டா தொழிற்சாலையில் போடும் பசை கறுப்பாகவோ சாம்பலாகவோ மெல்லிய கோடாகத்தான் தெரியும். சிவப்பு, நீலம், ஒரேஞ்ச் நிறத்தில் தடிப்பாக இருந்தால் அந்த இடத்தை யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அடுத்த எஞ்சினுக்கு நகருங்கள். போல்ட் தலைகளும் அப்படித்தான்: மூலை தேய்ந்து பளபளத்தால் அதில் ஸ்பேனர் சாவி ஏறியிருக்கிறது, தூசியும் நிறமும் நிறைந்து அப்படியே இருந்தால் யாரும் தொடவில்லை.

எஞ்சின் நல்லதா என்பதற்கு முன்னால் உங்கள் காருக்கு உரியதா என்று பார்க்க வேண்டும், சிரிக்காதீர்கள், அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். என் காரின் எஞ்சின் 1என்இசட்-எஃப்ஈ. கொரோலா 121, ஆக்ஸியோ, அலியன், புரொபொக்ஸ் என்று எத்தனையோ கார்களில் வந்தது, அதனால் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் பெயர் ஒன்றானாலும் முதலில் வந்தவற்றில் ஆக்ஸிலேட்டரிலிருந்து கேபிள் வரும், பிந்தியவற்றில் வயர்தான் வரும். சென்சர் சொக்கெட் மாறும், இன்டேக் மாறும், மவுன்டிங் பிடிக்கும் இடம் மாறும். மெனுவல் கியரா ஓட்டோவா என்பதைப் பொறுத்துப் எஞ்சினின் பின்னால் கியர்பெட்டிப் பக்கம் பூட்டும் சக்கரமே வேறு. எங்கள் பாஸ் செய்தது இதுதான்: பழைய எஞ்சினின் படத்தை நான்கு பக்கமும் ஃபோனில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சொக்கெட்டாக ஒப்பிட்டார். பொருந்தாத இன்டேக், த்ரோட்டில், சென்சர் எல்லாவற்றையும் பழைய எஞ்சினிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம், பிளாக்கும் ஹெட்டும் ஒன்றாக இருந்தால் போதும். காரின் வயரிங்கை மட்டும் வெட்டி ஒட்ட விடாதீர்கள். அந்த ஒட்டு மழைக்காலத்தில் ஒருநாள் உங்களைப் பேஸ்லைன் வீதியில் நிறுத்திவிடும்.

அதிலும் 1என்இசட்-எஃப்எக்ஸ்ஈ என்று ஒரு தம்பி இருக்கிறான். பழைய பிரியஸ், அக்வா மாதிரி ஹைபிரிட் கார்களில் வருவது, பார்க்க அச்சு அசல் அண்ணன்தான். பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அமுக்க விகிதம் எஃப்ஈயில் 10.5, இதற்கோ 13. இன்டேக் வால்வு பிந்தி மூடும்படி அதைத் தள்ளும் கேம்மை வெட்டியிருப்பார்கள், அதில் பெற்றோல் மிச்சமாகும், ஆனால் வலு எஃப்ஈயின் 110 குதிரைக்குப் பதில் 75 அளவில்தான் நிற்கும், மிச்சத்தை மின்மோட்டார் தள்ள வேண்டும். ஹைபிரிட்டில் தனி ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் இல்லாததால் எஞ்சினும் அவை இல்லாமலே வரும். 'அது கழற்றி வித்தாச்சு தம்பி, உங்கடத மாட்டிக்கொள்ளுங்க' என்று ஒரு கடையில் சொன்னார்கள். பாஸ் குனிந்து பிளாக்கில் இருக்கும் எழுத்தை வாசித்துவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நாங்கள் கடைசியில் நின்றது ஒரு நானாவின் கடையில். வயதானவர், கணக்குக் கொப்பியை மூடி வைத்துவிட்டு எங்களோடு பின்னுக்கு வந்தார்.

"முன்னுக்கு நல்லது வெச்சிருக்கேனே தம்பி, இந்த அழுக்கையா பார்க்கிறீங்க?"

"அழுக்குத்தான் வேணும் நானா. திறந்து பார்க்க விடுவீங்களா?"

அவர் பாஸைப் பார்த்துச் சிரித்தார். "ஹெட்டத் தொடாட்டி சரி. மத்ததெல்லாம் பாருங்க."

இந்தப் பேரத்தை முதலே பேசிவிட வேண்டும். எதைத் திறக்கலாம், எதைத் திறந்தால் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். எதையும் திறக்க விடாத கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் போட்டு உடனே சுற்றக் கூடாது, ஏனென்றால் கொண்டெய்னரிலும் கடையிலும் மாதக் கணக்கில் கிடந்த எஞ்சினில் எப்படியும் ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே நின்றிருக்கும், கொழும்பின் உப்புக் காற்று அதற்குள் போய் வந்திருக்கும், சுவரில் கறள் பிடித்திருந்தால் ரிங் அதில் உரசும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஒயில் விட்டு ஊற விடுவது நல்லது. (இதனால்தான் இன்டேக், எக்ஸோஸ்ட் வாய்களை டேப்பால் மூடி வைத்திருக்கும் கடையைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை.) பிறகு முன்னால் பெல்ட் ஓடும் சக்கரத்தின், புலி என்பார்கள், போல்ட்டில் சாவியைப் போட்டு, ஓடும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று. எஞ்சின் ஒரு வட்டத்தை முடிக்க 720 பாகை வேண்டும், ஒரு சுற்றோடு விட்டால் பாதி வால்வைத்தான் பார்த்திருப்பீர்கள். ஒரே சீராகக் கனமாகச் சுற்றினால் நல்லது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் வளைந்த வால்வு அல்லது உள்ளே விழுந்த நட்டு. இந்த எஞ்சினில் டைமிங் செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், பழைய 5ஏ-எஃப்ஈ மாதிரி பெல்ட் அறுந்தாலும் தப்பிக்கிற ரகம் இல்லை. அப்படியே புலியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பாருங்கள். பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிரேங்க் மயிரிழை அசையலாம், கண்ணுக்குத் தெரிய டொக் என்று அசைந்தால் அதை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பெயரிங் போய்விட்டது, அதைச் சரிசெய்யக் கீழ்ப்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

இப்போது அந்த வளைந்த ரொட்டைப் பிடிக்கும் வழி. பிளக் துளைக்குள் ஒரு நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரோவை விட்டு, பிஸ்டன் தலையில் முட்ட வைத்து, கிரேங்க்கை மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்ட்ரோ ஏறி ஏறி ஒரு இடத்தில் நின்று இறங்கத் தொடங்கும், உச்சியில் நிற்கும்போது துளையின் விளிம்போடு பேனையால் கோடு போடுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்றும் நாலும் சேர்ந்து ஏறும், இரண்டும் மூன்றும் சேர்ந்து ஏறும். நான்கு கோடும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் ஸ்ட்ரோ தாழ்ந்து நின்று கோடு மேலே விழுந்தால் அந்த ரொட் குட்டையாகியிருக்கிறது, அதாவது வளைந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 84.7 மில்லிமீட்டர், அமுக்க விகிதம் 10.5, அப்படியானால் உச்சியில் மிஞ்சும் இடத்தைச் சிலிண்டர் அகலத்துக்குச் சமப்படுத்திப் பார்த்தால் 9 மில்லிமீட்டருக்குக் கிட்டத்தான். அதில் ஒன்று கூடினால் விகிதம் 9.5க்கு இறங்கிவிடும். அரை மில்லிமீட்டரை ஸ்ட்ரோ காட்டாது என்பது உண்மை, அதற்குத்தான் சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் கொம்ப்ரஷன் மானி இருக்கிறது.

கழற்றிய பிளக்குகளைத் தூக்கிப் போடாமல் எந்தச் சிலிண்டரில் இருந்து வந்ததோ அந்த வரிசையில் தரையில் அடுக்கி வையுங்கள். நான்கும் ஒரே மாதிரி இளம் பழுப்பாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் ஒயிலில் தோய்ந்து கறுத்திருந்தால் அங்கே ரிங் அல்லது வால்வு சீல். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுத்தமாக வெளுத்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், கெஸ்கட் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகி அதைக் கழுவியிருக்கலாம். ஃபோனில் மாட்டும் சின்னக் கமரா ஒன்றை எங்கள் பாஸின் மகன் வைத்திருந்தான், அதைத் துளைக்குள் விட்டுச் சிலிண்டர்ச் சுவரைப் பார்த்தோம். தொழிற்சாலையில் போட்ட குறுக்கு மறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன. அது தெரிந்தால் எஞ்சின் அதிகம் தேயவில்லை. நேர்க்குத்தாகக் கீறல் இருந்தால், நகம் சிக்குகிற அளவு ஆழம் என்றால், வேண்டாம்.

கொம்ப்ரஷன் எடுக்க எஞ்சினில் கியர்பெட்டியும் ஸ்டார்ட்டரும் நல்ல பற்றரியும் வேண்டும், ஹாஃப் கட் என்றால் சுலபம். எல்லாப் பிளக்கையும் கழற்றி, த்ரோட்டிலை முழுவதும் திறந்து வைத்துச் சுற்ற வேண்டும். பல கடைகளில் த்ரோட்டிலை மூடி வைத்தே சுற்றுவார்கள், அப்போது நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். குளிர்ந்த பெற்றோல் எஞ்சினில் 150 பிஎஸ்ஐக்கு மேலே வந்தால் பேசலாம், 170, 180 வந்தால் நல்லது. ஆனால் எண் பெரிதா என்பதைவிட நான்கும் கிட்டக் கிட்ட நிற்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். 165, 170, 165, 168 என்று வந்த எஞ்சினை எடுப்பேன். 190, 190, 150, 188 என்று வந்ததை எடுக்கமாட்டேன். 10 வீதத்துக்கு மேல் ஒன்று விலகினால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி எடுங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கெஸ்கட். இதே வித்தையை மறுபக்கமாகச் செய்கிறவர்களும் உண்டு, நீங்கள் வருவதற்கு முன்னாலேயே நான்கிலும் ஒயில் விட்டு வைத்திருப்பார்கள், மானி அழகாக ஏறும். பிளக்கின் புரி ஈரமாக, புது ஒயில் நிறத்தில் இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், ஸ்டார்ட்டரில் நன்றாகச் சுற்றித் துப்ப விட்டு மறுபடி எடுங்கள்.

ஸ்டார்ட் செய்து காட்டினால்? நல்லதுதான், ஆனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பிளாக்கில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். செயின் தளர்ந்த எஞ்சின் குளிரில் முதல் இரண்டு மூன்று செக்கனுக்குத்தான் கரகரக்கும், வால்வு சீல் தேய்ந்ததால் வரும் நீலப் புகையும் பெரும்பாலும் முதல் ஸ்டார்ட்டில்தான் வரும். ரேடியேட்டர் இல்லாமல் தரையில் இரண்டு நிமிடம் ஓடும் எஞ்சின் கெஸ்கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அமெரிக்காவில் எஞ்சின் விற்கிறவர்கள் பிளாக்கில் ஒரு சின்ன வட்டத் தகடு ஒட்டிவிடுவார்கள், 120 பாகை செல்சியஸ் அளவு சூடானால் நடுப்பகுதி உருகிவிடும், கொதித்ததா இல்லையா என்று இரண்டு பக்கமும் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. இங்கே அப்படி ஒன்றும் கிடையாது, கொதித்த அடையாளத்தை நாமே தேட வேண்டும்: உருகி நெளிந்த பிளாஸ்டிக், கருகி முறியும் ஹோஸ் துண்டு, ஒயில் மூடிக்கு அடியில் பால்கோப்பி நிறத்தில் களி.

ரொக்கர் கவரைக் கழற்ற நானா விட்டது எங்கள் அதிர்ஷ்டம். பத்து நிமிட வேலை. கவருக்கு உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் வயதுக்கு ஏற்ற நிறம். கறுப்பாக, தார் மாதிரி, விரலால் வழித்தெடுக்கலாம் போல இருந்தால் காலத்துக்கு ஒயில் மாற்றாத எஞ்சின், அந்தக் களி, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி வால்வின் வலையையும் ஒயில் பாதைகளையும் அடைக்கும். கேம் முனைகளில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வழுக்க வேண்டும். எங்களுடையது தேனுக்கும் சுக்குக் கோப்பிக்கும் இடைப்பட்ட நிறம். பாஸ் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், அது அவருடைய சம்மதம்.

செம்ப்பைக் கழற்ற விடமாட்டார்கள், ஆனால் ஒயில் போல்ட்டைக் கழற்ற விடுவார்கள். கடைசியில் வடியும் இரண்டு கரண்டி ஒயில்தான் முக்கியம், கனமானதெல்லாம் அடியில் இருக்கும். அதை வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் பிடியுங்கள். மினுங்குகிறதா? காந்தத்தை வையுங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, கேம் அல்லது ஒயில் பம்ப் பக்கம். ஒட்டாமல் வெள்ளியாக மினுங்கினால் பிஸ்டனாகவோ பெயரிங்கின் மேற்பூச்சாகவோ இருக்கும், செம்பு நிறம் தெரிந்தால் பெயரிங் அடிவரை தேய்ந்திருக்கிறது. செம்ப் அடிபட்டு உள்ளே குழிந்திருந்தால் அதையும் கவனியுங்கள், குழி ஒயில் உறிஞ்சும் வாயை மூடியிருக்கலாம். போர்க்லிஃப்டில் தூக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

பிடித்துப்போனால் காசு எண்ணுவதற்கு முன் எஞ்சின் இலக்கம். பிளாக்கில் அடித்திருக்கும் இடத்தைத் துணியால் துடைத்துப் படம் எடுங்கள். அரைத்து மறுபடி அடித்த மாதிரி இருந்தால் சும்மா தந்தாலும் வேண்டாம். உங்கள் பதிவுச் சான்றிதழில் பழைய எஞ்சின் இலக்கம் இருக்கிறது, மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், இலக்கம் எழுதிய பில் இல்லாமல் அங்கே போய் நின்றால் அலைய வேண்டி வரும். இறக்குமதிப் பத்திரத்தின் பிரதி கிடைத்தால் அதையும் வாங்கி வையுங்கள். இதைச் செய்யாமல் வருடக் கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம், அவர்களுக்கு ஞானம் பிறப்பது காரை விற்கும் நாளில். பில்லில் எத்தனை நாள் உத்தரவாதம், காசா மாற்று எஞ்சினா என்பதையும் எழுதச் சொன்னேன். நானா முகத்தைச் சுளித்தார், ஆனால் எழுதினார்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின் ஒயில் சீல், முன் சீல், வோட்டர் பம்ப், தேர்மோஸ்டாட், ரொக்கர் கவர் கெஸ்கட், புதுப் பிளக் போட்டுவிடுங்கள். பின் சீலின் விலை ஒன்றுமில்லை, ஆனால் இறக்கிய பிறகு அது கசிந்தால் கியர்பெட்டியை மறுபடி கழற்ற வேண்டும். பெல்ட் எஞ்சின் என்றால் பெல்ட்டும் டென்ஷனரும் எப்படி இருந்தாலும் புதிது. ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றினேன், எந்த ஹோஸால் இவ்வளவும் வந்தது என்று மறக்கவில்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல், இன்ஜெக்டர் சொக்கெட்டைக் கழற்றி வைத்து, ஒயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றினார் பாஸ். அதற்குப் பிறகுதான் பிளக்கைப் போட்டார். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. சூடு ஏறி ஃபேன் இரண்டு தரம் போட்டு நிற்கும் வரை யாரும் பேசவில்லை.

500 கிலோமீட்டரில் ஒயில் மாற்றப் போனேன். பழைய ஃபில்டரைத் தூக்கி எறிய விடாமல் பாஸ் அதை வைஸில் பிடித்து, ஹேக்ஸோவால் தகரத்தை வெட்டி, உள்ளே மடிந்திருக்கும் கடதாசியை எடுத்துக் கராஜ் வாசலில் வெயிலில் விசிறி மாதிரி விரித்தார். இரண்டு பேரும் குந்தியிருந்து ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தோம். கறுப்பு ஒயில்தான். ஒரு மடிப்பில் மட்டும் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது, எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்றது. பாஸ் நகத்தால் கிள்ளி எடுத்துப் பார்த்துவிட்டு, "வெத்திலைத் துப்பல், என்னோடது" என்றார்.